பிளேடு படாத இடத்தில் ஏன் சிவந்தது?

ஷேவிங் சோப்பை மாற்றி மாற்றிப் பார்த்து அலுத்துப்போனவர்களுக்கு என் அனுபவம் உதவும் என்று நினைக்கிறேன். நான்கு வருடம் கழுத்தில் எரிச்சலோடு இருந்தவன் நான். ஷேவ் செய்த அன்று லேசாகக் காந்தும். ஓரிரு நாள் கழித்து அரிப்பும் சின்னச் சின்னத் தடிப்புகளும் வரும். பிளேடு மேல்தான் சந்தேகம். பல பிளேடு வைத்த ரேசரை விட்டு ஒற்றைப் பிளேடுக்கு வந்தேன், அடிக்கடி பிளேடை மாற்றினேன், முடி வளரும் வாட்டத்திலேயே இழுத்தேன். காந்தல் குறைந்தது, அரிப்பு மட்டும் அப்படியே இருந்தது.

ஒரு நாள் காது மடலுக்குக் கீழேயும் கன்ன எலும்பின் மேலும் சிவந்திருந்ததைக் கவனித்தேன். அந்த இடங்களுக்கு நான் ரேசரைக் கொண்டுபோவதே இல்லை. பிரஷ்ஷைச் சுழற்றும்போது நுரை மட்டும் அதுவரை போகும். அப்படியானால் பிளேடு எப்படிக் காரணமாகும்?

தோல் மருத்துவரிடம் இதைச் சொன்னதும் முதுகில் ஒட்டுப் பரிசோதனை செய்தார். சிறு சிறு பட்டைகளில் பல பொருள்களை வைத்து ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தார். இரண்டு நாள் விட்டு மறுபடியும் பார்த்தார். வாசனைப் பொருள்கள் இருந்த இடம் நன்றாகத் தடித்திருந்தது. இந்த வகை அலர்ஜி உடனே தெரியாமல் ஓரிரு நாள் தாமதமாகத்தான் வெளிப்படும் என்றார். ஷேவ் செய்த நேரத்தையும் அரிப்பு வந்த நேரத்தையும் நான் முடிச்சுப் போடாமல் விட்டது அதனால்தான்.

அப்போது நான் பயன்படுத்தியது லாவெண்டர் எண்ணெயும் எலுமிச்சை எண்ணெயும் சேர்த்த 'இயற்கை' சோப். சென்சிடிவ் சருமத்துக்கு என்று முன்பக்கத்தில் பெரிதாகவே போட்டிருந்தது. லாவெண்டரில் லினலூல், எலுமிச்சையில் லிமோனீன் என்ற வாசனைப் பொருள்கள் உண்டு. காற்றுப் பட்டு இவை ஆக்ஸிஜனோடு சேரும்போது உருவாகும் பொருள்கள் அலர்ஜியை இன்னும் அதிகமாகக் கிளப்பும். நானோ அந்தச் சோப்பை மாதக்கணக்கில் திறந்த கிண்ணத்தில் வைத்திருந்தேன்.

அதனால் இப்போது முன்பக்கத்தை நான் பார்ப்பதே இல்லை. பின்னால் பொடி எழுத்தில் உள்ள பட்டியல்தான் முக்கியம். பர்ஃப்யூம், ஃப்ராக்ரன்ஸ், லினலூல், லிமோனீன், ஜெரானியால் என்று எது இருந்தாலும் எனக்கு வேண்டாம். இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. 'அன்சென்டட்' என்றால் மணம் தெரியாது என்றுதான் பொருள். மூலப்பொருளின் வாடையை மறைக்க வேறொரு வாசனையை அதில் சேர்த்திருக்கலாம். 'ஃப்ராக்ரன்ஸ் ஃப்ரீ' என்று இருப்பதைத் தேடுங்கள், அதையும் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குளுமைக்காகச் சேர்க்கும் மென்தாலும் எளிதில் எரியும் தோலுக்கு ஆகாது.

நல்ல ஷேவிங் சோப்பில் ஸ்டியரிக் அமிலம் பட்டியலின் தொடக்கத்திலேயே வரும். கெட்டியான, சீக்கிரம் அடங்காத நுரை அதனால்தான் கிடைக்கிறது. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சோப்பை மென்மையாக்கி எளிதில் நுரைக்க வைக்கும், கிளிசரின் ஈரத்தைப் பிடித்து வைக்கும். குளியல் சோப்பை முகத்தில் தேய்த்து ஷேவ் செய்கிறவர்கள் இந்த வித்தியாசத்தை ஒரு முறையாவது உணர்ந்து பார்க்க வேண்டும்.

புதுச் சோப் வாங்கினால் நேராக முகத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். முழங்கையின் உட்புறத்தில் நுரையைத் தடவி 5 நிமிடம் விட்டுக் கழுவுங்கள். தினமும் இரண்டு வேளை, 7 முதல் 10 நாள் வரை. பொறுமை வேண்டும்தான். நான்கு வருடம் அரித்த எனக்கு அந்தப் பத்து நாள் பெரிதாகத் தெரியவில்லை.

*

மேலே சோப் அலர்ஜி பற்றி எழுதியவரே, உங்களுக்கு நேர்ந்ததற்கு நேர் எதிர் எனக்கு. சோப்தான் காரணம் என்று ஐந்தாறு மாற்றினேன், வாசனையே இல்லாததுகூட வாங்கினேன். கழுத்தில் பொரிப்பொரியாக வருவது நிற்கவில்லை. எனக்குச் சுருட்டை முடி. ஒட்ட மழிக்கும்போது நுனி கூராகி, வளைந்து திரும்பவும் தோலுக்குள்ளேயே குத்துகிறது என்று மருத்துவர் காட்டினார். ஒவ்வொரு பருவின் நடுவிலும் ஒரு முடி தெரிந்தது! ஒரு மாதம் ரேசரைத் தொடாமல் இருந்துவிட்டு, இப்போது ட்ரிம்மரில் ஒரு மில்லிமீட்டர் விட்டு வெட்டுகிறேன். அதனால் சோப்பைக் குறை சொல்லும் முன் தடிப்பு எப்படி இருக்கிறது என்று கிட்டத்தில் பாருங்கள்.

*

தண்ணீரையும் கவனியுங்கள். வீடு மாறியதும் அதே சோப்பில் நுரை எழவே இல்லை, முகத்தில் வெள்ளையாக ஒரு படலம் ஒட்டிக்கொண்டு தோல் வறண்டுபோனது. உப்புத் தண்ணீர்தான் காரணம். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து திரிந்துவிடுகின்றன. பிரஷ்ஷை நனைக்கவும் கடைசியாகக் கழுவவும் ஆர்ஓ தண்ணீர் ஒரு குவளை எடுத்துக்கொள்கிறேன். சோப் பழையதுதான், நுரை திரும்ப வந்துவிட்டது.

*

நான் ஷேவ் செய்வது அப்பாவுக்கு. இரண்டு வருடமாகப் படுக்கையில் இருக்கிறார், வயது எண்பதைத் தாண்டிவிட்டது. தோல் காகிதம் மாதிரி மெலிந்திருக்கிறது. வாசனையில்லாத நல்ல சோப் வாங்கித்தான் தொடங்கினேன், ஆனாலும் ஷேவ் முடிந்ததும் முகம் இழுத்துப் பிடிக்கிறது என்று கன்னத்தைத் தடவிக்கொண்டே இருப்பார். எந்தச் சோப்பாக இருந்தாலும் காரத்தன்மை இருக்கும், அதன் பிஹெச் (அமில-கார அளவு) 9, 10 வரை போகும் என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். நம் தோலோ 5-ஐ ஒட்டி, லேசான அமிலத்தன்மையோடு இருப்பது. வயதான, வறண்ட தோல் அந்த வேறுபாட்டிலிருந்து மீள அதிக நேரம் எடுக்கும்.

இப்போது சோப்பே சேராத, பிரஷ் தேவைப்படாத க்ரீம். வெதுவெதுப்பான துணியை இரண்டு மூன்று நிமிடம் தாடையில் வைத்து முடியை ஊறவிடுவேன். க்ரீமைத் தடவி, அழுத்தாமல் ஒரே ஒரு முறை இழுப்பேன். விட்டுப்போன இடத்தில் திரும்ப இழுப்பதில்லை, இரண்டு நாள் முடி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். துடைத்த ஈரம் காய்வதற்குள் வாசனையில்லாத மாய்ஸ்சரைசர். போன வாரம் முடித்ததும் கண்ணாடி கேட்டு வாங்கிப் பார்த்தார். கன்னத்தைத் தடவவில்லை.