காலையில் மட்டும் ஸ்டார்ட் ஆகாத பழைய டீசல் பிக்கப்: இன்ஜின் இறக்கத்தான் வேண்டுமா?

கெலமங்கலம் தோட்டம்:

எங்களிடம் 2003 மாடல் டீசல் பிக்கப் ஒன்று இருக்கிறது. நாலு சிலிண்டர், டர்போ கிடையாது, ரோட்டரி பம்ப், பழைய பிரீசேம்பர் இன்ஜின். 2,40,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. அப்பா வாங்கிய வண்டி. இன்றைக்கும் ராயக்கோட்டை மண்டிக்குத் தக்காளி போவது இதில்தான்.

கார்த்திகை பாதியிலிருந்து விடியற்காலையில் ரொம்பப் படுத்துகிறது. நாலு மணிக்கு 40 கிரேட் ஏற்றி, தார்ப்பாய் கட்டி, சாவியைத் திருப்புவேன். ஹீட்டர் பிளக் (ஸ்டார்ட் ஆகும் முன் இன்ஜின் உள்ளே சூடேற்றுவது) லைட் எரிந்து அணையும். அப்புறம் செல்ஃப் அடித்தால் முப்பது நொடி வரை சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும். பிடிக்கும்போதும் ஒழுங்காகப் பிடிக்காது. ஒரு சிலிண்டர், இரண்டு சிலிண்டர் என்று தட்டுத் தடுமாறி, வண்டியே குலுங்கி, ஒரு நிமிடம் கழித்துத்தான் சமமாகும். அதன்பிறகு அன்று முழுவதும் எந்தக் குறையும் இல்லை. மண்டியில் மூன்று மணி நேரம் நிறுத்திவிட்டு வந்தாலும் பாதிச் சுற்றில் பிடித்துவிடும். இழுவையும் மைலேஜும் குறையவில்லை.

பேட்டரி புதிதாகப் போட்டேன். செல்ஃபைக் கழற்றி கார்பன், புஷ் எல்லாம் மாற்றியாயிற்று. ஒன்பதாயிரத்துக்கு மேல் போய்விட்டது, பலன் இல்லை. இப்போது "கம்ப்ரஷன் போச்சு, இன்ஜின் இறக்கணும்" என்கிறார்கள். அதற்குக் கையில் பணமும் இல்லை, மனசும் ஒப்பவில்லை. நேற்று மண்டிக்குப் போய்ச் சேர்வதற்குள் முதல் ஏலம் முடிந்துவிட்டது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓசூர் எலக்ட்ரிக்கல்:

புது பேட்டரி என்பதால் கண்ணை மூடி நம்ப வேண்டாம். இரவு முழுக்க நின்ற பேட்டரியில் மீட்டர் வைத்தால் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். செல்ஃப் சுற்றும்போது 9.6க்குக் கீழே போகக் கூடாது. போனால் பேட்டரியிலோ ஒயரிலோ குறை. இன்ஜினிலிருந்து சேஸுக்குப் போகும் எர்த் பட்டையைக் கழற்றிச் சுரண்டி மாட்டுங்கள். பழைய வண்டிகளில் அது பச்சை பூத்துக் கிடக்கும், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இன்னொன்று, தொடர்ந்து முப்பது நொடி செல்ஃப் அடிக்காதீர்கள். பத்து நொடி அடித்து ஒரு நிமிடம் விடுங்கள். இல்லையென்றால் செல்ஃபின் ஆர்மேச்சரும் கருகிவிடும்.

பென்னாகரம் டிராக்டர்:

எங்கள் ஊரில் பெட்ரோலில் துணியை நனைத்து ஏர் கிளீனர் வாயில் காட்டுவார்கள், உடனே பிடித்துவிடும். ஸ்டார்டிங் ஸ்பிரேயும் கடையில் கிடைக்கிறது. அவசரத்துக்கு அதைச் செய்யலாமே?

பழையபேட்டை டீசல் மெக்கானிக்:

தம்பி, அதைத் தயவுசெய்து செய்ய வேண்டாம். உங்கள் டிராக்டரில் ஹீட்டர் பிளக் இருக்காது, இந்த வண்டியில் இருக்கிறது. பழுக்கக் காய்ந்த ஹீட்டர் முனையில் ஸ்பிரே பட்டால், பிஸ்டன் மேலே வந்து சேர்வதற்கு முன்பே வெடிக்கும். ரிங்குக்கு நடுவில் உள்ள பிஸ்டன் கரை உடைந்து என் பட்டறைக்கு வந்த இன்ஜின்கள் உண்டு. பெட்ரோல் துணியும் அதே ஆபத்துதான், கூடவே கையும் முகமும் வெந்துபோகும்.

கெலமங்கலம் தம்பிக்கு: கிருஷ்ணகிரியில் 31 வருஷமாக டீசல் வேலை பார்க்கிறேன். இன்ஜினை இறக்கும் முன் இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். ஒன்று, நீங்கள் செல்ஃப் அடிக்கும்போது சைலன்சர் பின்னால் ஒரு ஆளை டார்ச்சோடு நிறுத்துங்கள். புகை வருகிறதா, என்ன நிறம், எத்தனையாவது நொடியில் வருகிறது? இரண்டு, டேங்க் நிறைந்திருக்கும் நாளுக்கும் காலியாகும் நாளுக்கும் வித்தியாசம் தெரிகிறதா?

கெலமங்கலம் தோட்டம்:

இன்று காலை தம்பியை நிற்க வைத்தேன் அண்ணா. முதல் பத்துப் பன்னிரண்டு நொடி புகையே இல்லை. அப்புறம் வெள்ளையாக வந்தது, கண் எரிகிற பச்சை டீசல் வாடை. அது கொஞ்ச நேரம் வந்தபிறகுதான் பிடித்தது. டேங்க் பற்றி நீங்கள் கேட்டதும்தான் நினைவு வந்தது. போன வாரம் முழு டேங்க் போட்ட மறுநாள் கொஞ்சம் சீக்கிரம் பிடித்தது.

பழையபேட்டை டீசல் மெக்கானிக்:

நல்லது தம்பி. பாதி வேலையை உங்கள் தம்பியே முடித்துவிட்டார். உங்கள் வண்டியில் ஒரு குறை இல்லை, இரண்டு இருக்கிறது. ஒன்றின் பின்னால் இன்னொன்று ஒளிந்திருக்கிறது. அதனால்தான் பார்த்தவர்கள் குழம்பியிருக்கிறார்கள்.

புகையே இல்லாத பன்னிரண்டு நொடியும் இன்ஜினுக்கு டீசல் போய்ச் சேரவில்லை. டீசல் இல்லாமல் புகை எங்கிருந்து வரும்? இரவில் எங்கோ காற்று நுழைந்து, லைனில் நின்ற டீசல் டேங்குக்கே இறங்கிவிடுகிறது. டேங்க் நிறைந்திருந்தால் அது இறங்கும் ஆழம் குறைவு. முழு டேங்க் அன்று சீக்கிரம் பிடித்தது அதனால்தான். டேங்கிலிருந்து பம்ப் வரைக்கும் உள்ள பாதையில் உறிஞ்சுதல்தான் நடக்கிறது. ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். கீழே ஈரம் இல்லை என்பதை வைத்து லைன் சுத்தம் என்று முடிவுகட்டக் கூடாது.

நாளைக் காலை செல்ஃப் அடிக்கும் முன் ஃபில்டர் தலையில் உள்ள கை பம்ப்பை அழுத்துங்கள். தொளதொளவென்று இறங்கி, இருபது முப்பது அழுத்தலுக்குப் பிறகு கெட்டியானால் ஏர் எடுக்கிறது என்பது உறுதி. ஃபில்டருக்கும் பம்ப்புக்கும் நடுவில் அரை அடிக்கு, கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும் ஹோஸ் போட்டுப் பார்த்தால் குமிழியைக் கண்ணாலேயே பார்க்கலாம். அது பார்ப்பதற்கு மட்டும், நிரந்தரமாக விடாதீர்கள், டீசலில் கல்லாகி வெடித்துவிடும். ஓட்டையை முதலில் கை பம்ப்பின் ரப்பரில் தேடுங்கள். பிறகு யூனியன் போல்ட்டின் செம்பு வாஷர்கள், ஃபில்டர் அடியில் தண்ணீர் இறக்கும் திருகு, டீசல் பீய்ச்சும் நாசில்களுக்கு மேலே ஓடும் சின்ன ரிட்டன் ஹோஸ்கள். செம்பு வாஷரை ஒருமுறை கழற்றினால் புதிது போடுங்கள், இரண்டு ரூபாய் சாமானில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

இனி வெள்ளைப் புகை. இப்போது டீசல் உள்ளே போகிறது, எரியாமல் ஆவியாக வெளியே வருகிறது. சூடு போதவில்லை என்று அர்த்தம். உங்கள் இன்ஜினில் டீசல் நேராக பிஸ்டன் மேல் விழாது, சிலிண்டர் ஹெட்டில் உள்ள சின்ன அறையில் விழுகிறது, அதுதான் பிரீசேம்பர். அந்த அறையின் சுவர் குளிர்ந்த இரும்பு. அமுக்கிய காற்றின் சூட்டை அதுவே குடித்துவிடும். அதற்காகத்தான் ஹீட்டர் பிளக் வைத்தார்கள். உங்கள் பக்கம் ஓசூர் மேட்டு நிலம், 900 மீட்டருக்குக் கிட்டத்தட்ட உயரம். மார்கழிப் பனியில் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கமிருந்து வரும் வண்டிகளில்தான் ஹீட்டர் போனது முதலில் வெளியே தெரியும். அதே வண்டி தருமபுரி வெயிலில் நின்றால் ஒரு வருஷம் தெரியாமலே ஓடும்.

டேஷில் ஹீட்டர் லைட் எரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது டைமர் வேலை செய்வதைத்தான் காட்டுகிறது, பிளக் காய்வதை இல்லை. நாலு பிளக்கையும் இணைக்கும் பட்டையைக் கழற்றுங்கள். டெஸ்ட் லாம்ப்பின் ஒரு முனையை பேட்டரி பிளஸ்ஸிலும் மறுமுனையை ஒவ்வொரு பிளக் தலையிலும் வையுங்கள். லாம்ப் எரியாத பிளக் செத்தது. மீட்டரில் பார்த்தால் நல்ல பிளக் ஒரு ஓம் பக்கம் காட்டும். அப்புறம் சாவியைப் போடச் சொல்லி அந்தப் பட்டைக்கு 12 வோல்ட் வருகிறதா என்றும் பாருங்கள். வராவிட்டால் ரிலே அல்லது ஃபியூஸ்.

இதை மட்டும் கவனமாகப் படியுங்கள். பிளக்கைக் குளிர்ந்த இன்ஜினில் கழற்ற வேண்டாம். இருபது வருஷக் கரி பிடித்திருக்கும். முனை உடைந்து உள்ளே விழுந்தால் அன்றைக்குத்தான் உண்மையிலேயே ஹெட்டை இறக்க வேண்டிவரும். முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். மறுநாள் இன்ஜின் சூடான பிறகு, சின்ன ராட்செட்டில், கொஞ்சம் கழற்றி கொஞ்சம் திரும்ப முடுக்கி, நிதானமாக எடுங்கள். நீளக் கம்பி போட்டு யாராவது திருப்ப வந்தால் தடுத்துவிடுங்கள்.

கம்ப்ரஷனைக் கடைசியாகப் பார்க்கலாம். அது போயிருந்தால் இழுவை குறையும், ஆயில் குடிக்கும், ஆயில் மூடியைத் திறந்தால் புகை அடிக்கும். உங்களுக்கு இதில் எது இருக்கிறது?

பென்னாகரம் டிராக்டர்:

ஸ்பிரே விஷயம் தெரியாமல் எழுதிவிட்டேன் ஐயா, மன்னிக்கவும். எங்கள் டிராக்டரும் சரிவில் முகம் மேலே பார்த்து நின்றால் காலையில் இழுத்தடிக்கும், கீழே பார்த்து நின்றால் பிடித்துவிடும். அதுவும் இந்த ஏர் விஷயமாக இருக்குமா?

பழையபேட்டை டீசல் மெக்கானிக்:

நிற்கும் சாய்வு மாறினால் குணம் மாறுகிறது என்றால் முதல் சந்தேகம் அதுதான் தம்பி. கை பம்ப்பை அழுத்திப் பாருங்கள்.

கெலமங்கலம் தோட்டம்:

நாலு நாள் கழித்து எழுதுகிறேன் அண்ணா. கை பம்ப் 26 அழுத்தலுக்குப் பிறகுதான் கெட்டியானது. அன்றைக்கு செல்ஃப் அடித்தவுடனே வெள்ளைப் புகை வந்தது, அந்தப் பன்னிரண்டு நொடி காணாமல் போயிற்று. கழற்றினால் கை பம்ப்பின் ரப்பரில் மயிரிழை போல வெடிப்பு. ரப்பரும் நாலு செம்பு வாஷரும் மாற்றினேன்.

ஹீட்டரில் 2, 3 இரண்டும் செத்திருந்தன. 2 சுலபமாக வந்தது. 3 அசையவே இல்லை. பக்கத்தில் இருந்தவர் பைப் போட்டுத் திருப்பலாம் என்றார், நீங்கள் எழுதியதைக் காட்டி வேண்டாம் என்றேன். மூன்று தடவை சூடாக்கி, எண்ணெய் விட்டு, ஒன்றரை மணி நேரம் பிடித்தது. முழுசாக வந்தது. நாலையும் புதிதாகப் போட்டேன்.

இன்று காலை நாலு மணி, பனி கண்ணாடியில் வழிந்துகொண்டிருந்தது. ஹீட்டர் லைட் அணைந்ததும் அடித்தேன், மூன்று நொடியில் பிடித்தது. பின்னால் நின்ற தம்பி சத்தம் போட்டுவிட்டான். முதல் ஏலத்துக்குப் போய்விட்டோம். அரை நிமிடம் மட்டும் லேசாக வெள்ளைப் புகை வருகிறது. அதற்கு ஏதாவது செய்ய வேண்டுமா அண்ணா?

பழையபேட்டை டீசல் மெக்கானிக்:

3ஆம் பிளக்கை முழுசாக எடுத்ததுதான் எனக்குப் பெரிய சந்தோஷம். அரை நிமிடப் புகை இந்த வயது இன்ஜினுக்குச் சகஜம். அடுத்த ஆயில் மாற்றும்போது டேப்பெட் கேப் (வால்வு இடைவெளி) பார்த்து வைக்கச் சொல்லுங்கள். ரேடியேட்டர் தண்ணீரை மட்டும் வாரம் ஒருமுறை குளிர்ந்த இன்ஜினில் பாருங்கள். தண்ணீர் குறைந்துகொண்டே வந்து, சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால், ஹெட்டுக்கு அடியில் உள்ள கேஸ்கெட் போய்விட்டது என்று அர்த்தம். அப்போது வண்டியை ஓட்டாமல் எழுதுங்கள்.