குடும்பிமலைக்கும் நக்கிள்ஸுக்கும் சப்பாத்து வாங்கப் போகிறேன், என்ன பார்த்து வாங்குவது?

படுவான்கரைப் பொடியன்:

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் மட்டக்களப்புப் பக்கத்து ஊர்ப் பொடியன்மார் கொஞ்சப் பேர் காட்டு நடை போகத் தொடங்கியிருக்கிறோம். குடும்பிமலைப் பக்கம், உறுகாமத்துக்கு அப்பால் பற்றைக்காடு, இப்படித்தான். இதுவரை சிலர் செருப்போடும் சிலர் ஓடுகிற சப்பாத்தோடும் சமாளித்துவிட்டோம். ஆவணியில் நக்கிள்ஸ் மலைக்கு, தங்கி நடக்கிற மாதிரி ஒரு பயணம் போடுகிறோம், தோளில் பை இருக்கும். அதற்குள் ஒழுங்கான ஒரு சோடி வாங்கிவிட வேண்டும்.

பிரச்சினை என்னவென்றால், செருப்புப் போட்டே வளர்ந்த கால், முன்பக்கம் அகலம். டவுனில் போட்டுப் பார்த்தால் 8 விரலை நெரிக்கிறது, 9 போட்டால் குதிக்கால் உள்ளே ஏறி இறங்குகிறது. கோர்டெக்ஸ் (தண்ணீரை உள்ளே விடாமல் வியர்வை ஆவியை மட்டும் வெளியே விடுகிற படலம்) என்று எழுதினது கிட்டத்தட்ட இரட்டை விலை சொல்கிறார்கள், அந்தக் காசுக்கு உண்மையிலேயே பிரயோசனம் இருக்கிறதா? அடுத்தது, சுவிஸில் இருக்கிற மாமா விட்டுவிட்டுப் போன தோல் ஹைக்கிங் சப்பாத்து ஒன்று பெட்டியோடு அலுமாரியில் கிடக்கிறது. பத்து வருஷத்துக்கு மேல் இருக்கும், இரண்டு மூன்று தடவைதான் போட்டிருப்பார், பார்க்கப் புதுசு மாதிரி. அம்மா "சும்மா கிடக்கிறதைப் போடன், ஏன் காசைக் கொட்டுறாய்" என்கிறார்.

யூடியூபில் அமெரிக்க வேட்டைக்காரர்கள் போடுகிற உயரமான பூட்ஸையும் பார்த்தேன். நான் வேட்டைக்குப் போகிறவன் இல்லை. ஆனால் முள்ளுக்கும் பாம்புக்கும் அதுதான் சரியோ என்று ஒரு யோசனை.

ஆற்றுவாழை:

மச்சான், மாமாவின் சப்பாத்தோடு மலை ஏறிவிடாதே, மற்றதெல்லாம் பிறகு பேசலாம்.

வெளி ரப்பருக்கும் மேல் தோலுக்கும் நடுவில் மெத்தென்று ஒரு அடுக்கு இருக்கும் பார், விலை கூடின ஹைக்கிங் சப்பாத்துகளில் அது பெரும்பாலும் பொலியூரித்தேன். நடந்து தேய்ந்து போவதைவிடப் பெட்டிக்குள் கிடந்து கெட்டுப்போவதுதான் அதற்கு அதிகம். காற்றில் இருக்கிற ஈரம் அதை மெல்ல மெல்ல உடைக்கும், ஏ.எல். இரசாயனவியலில் வருகிற அதே நீர்ப்பகுப்புத்தான். சுவிஸ் குளிரில் கிடந்திருந்தால்கூட வயது போகும், மட்டக்களப்பு மாரிகாலத்து அலுமாரிக்குள் என்றால் கேட்கவே வேண்டாம். தோல் பளபளவென்று இருக்கும், லேஸ் புதுசாக இருக்கும், ஏறத் தொடங்கி ஒரு மணித்தியாலத்தில் அடி பழைய மாரி பிஸ்கட் மாதிரி உதிரும். எங்களோடு குடும்பிமலை வந்த ஒருவருக்கு இதுதான் நடந்தது. வெளிநாட்டுச் சாமான், கடைசியில் லேஸைக் கழற்றிச் சோலைச் சுற்றிக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

நீயே சோதித்துப் பார். பக்கவாட்டில் அந்த அடுக்கைப் பெருவிரல் நகத்தால் அழுத்து. அழுத்தின இடம் மேலே எழும்பி வராமல் பள்ளமாகவே நின்றால், பிசுபிசுத்தால், தூளாக வந்தால் கதை முடிந்தது. பிறகு முன்பாதியை நன்றாக வளைத்துப் பார், மயிரிழை போல வெடிப்பு ஓடுகிறதா என்று. ஒன்றும் இல்லை என்றாலும் ஒரு கிழமையாவது வீட்டிலும் வயல் வரம்பிலும் போட்டு நடந்துவிட்டுத்தான் நம்பலாம். ஓடுகிற சப்பாத்தில் வருகிற ஈ.வி.ஏ. என்கிற நுரைக்கு இந்த வியாதி இல்லை, அது அமுங்கித் தட்டையாகிவிடும், ஆனால் நடுக்காட்டில் தூளாக உதிராது.

சம்மாந்துறை நானா:

தம்பி, நான் நில அளவை வேலையில் காடு மேடு திரிந்த ஆள், அளவு விஷயத்தை நான் சொல்கிறேன்.

8, 9 என்கிற எண்ணை நம்பிப் போகாதீர்கள். ஒவ்வொரு கொம்பனியும் ஒவ்வொரு அச்சில் அடிக்கிறான், ஒரே 8 ஒன்றில் விரலை நசுக்கும், மற்றதில் உள்ளே நீந்தும். கடைக்குப் போகிற நேரம்தான் முதல் விஷயம். காலையில் போகாதீர்கள், பின்னேரம் அசர் தொழுதுவிட்டுப் போவோமே அந்த நேரத்தில் போங்கள். பகல் முழுக்க நின்று நடந்த கால் வீங்கித்தான் இருக்கும், காட்டிலும் அந்தக் கால்தான் சப்பாத்துக்குள் இருக்கப் போகிறது. நடைக்குப் போடுகிற அதே தடித்த சொக்ஸைக் கையோடு கொண்டுபோங்கள். கடைக்காரர் தருகிற மெல்லிய நைலோன் சொக்ஸோடு பார்க்கிற அளவு ஒன்றுக்கும் உதவாது.

இப்போது உங்கள் அகலக் கால். உள்ளே போட்டிருக்கிற இன்சோலை வெளியே எடுத்து நிலத்தில் வைத்து அதன்மேல் ஏறி நில்லுங்கள். சுண்டுவிரல் பக்கம் சதை ஓரத்தைத் தாண்டி வழிந்தால் அந்த மொடல் உங்களுக்கு இல்லை, 9 எடுத்தாலும் 10 எடுத்தாலும் இல்லை, ஏனென்றால் எண் கூடும்போது கூடுவது பெரும்பாலும் நீளம்தான், அகலம் கொஞ்சம்தான் கூடும். அதனால்தான் உங்களுக்கு 9இல் குதி கழன்று வருகிறது. வைட் என்றோ 2E என்றோ போட்டது இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் முன்பக்கம் வட்டமாக, விரல்கள் விரிய இடம் விட்டு அடித்த வேறு மொடலைப் பாருங்கள்.

நீளத்துக்கு: லேஸ் கட்டாமல் காலை முன்னுக்குத் தள்ளி, விரல் நுனி முட்டினதும் குதிக்குப் பின்னால் ஒரு சுட்டுவிரல் உள்ளே போக வேண்டும். பிறகு குதியைப் பின்னால் தட்டி இறுக்கிக் கட்டிக்கொண்டு கடை மாடிப்படி இருந்தால் இறங்கிப் பாருங்கள். படி இல்லாவிட்டால் ஏதாவது சரிவில் இறங்குங்கள், கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். இறங்கும்போது பெருவிரல் முன்னால் இடித்தால் நக்கிள்ஸில் நகம் கறுத்துத்தான் திரும்புவீர்கள். ஏறும்போது குதி துளி அசைவது பரவாயில்லை, தோல் பழகப் பழகக் குறையும், தேய்க்கிற அளவுக்கு ஏறி இறங்கினால் கொப்புளம் நிச்சயம். அதற்கும் ஒரு வழி இருக்கிறது, கணுக்கால் வளைகிற இடத்தில் லேஸை ஒரு சுற்றுக்குப் பதில் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிவிட்டு மேலே போங்கள். முன்பக்கம் தளர்வாகவே இருக்கும், குதி மட்டும் பிடித்து நிற்கும். உங்கள் காலுக்கு இதுதான் அரைவாசி மருந்து.

காலுக்குப் பொருந்தாத விலை கூடின சப்பாத்தைவிடப் பொருந்துகிற மலிவுச் சப்பாத்து மேல். கடையில் "போட்டால் இளகும்" என்று சொல்வார்கள். தோல் இளகும், அகலம் ஓரளவு கொடுக்கும். நீளம் ஒருநாளும் கொடுக்காது.

பனிக்காட்டு மட்டக்களப்பான்:

செங்கலடியில் பிறந்து இப்போது கனடாவில் அல்பேர்ட்டாவில் இருக்கிறேன். இங்கே லைசன்ஸ் எடுத்து எல்க், மூஸ் என்கிற பெரிய மான் வேட்டைக்குப் போகிற ஆள், அதனால் அந்த யூடியூப் பூட்ஸைப் பற்றி நான் சொல்லலாம்.

அது இந்த ஊருக்கு, இந்த வேலைக்குச் செய்தது. வண்டிப் பாதையில் இருந்து மைல் கணக்கில் உள்ளே போய், விழுந்து கிடக்கிற மரங்களைத் தாண்டி, மிருகத்தைத் துண்டு போட்டு முதுகில் சுமந்து வர வேண்டும். எல்க்கின் பின்தொடை ஒன்றே இருபது கிலோவைத் தாண்டும். அந்தப் பாரத்தோடு சரிவில் கால் பிரளாமல் இருக்கத்தான் எட்டு, பத்து அங்குல உயரமும், உள்ளே வளையாத தகடும், தடித்த முழுத் தோலும். பிந்தின சீசனில் பனியில் மணிக்கணக்காக அசையாமல் இருப்பவர்கள் தின்சுலேட் 400 கிராம், 800 கிராம் என்று பஞ்சு வைத்ததைப் போடுவார்கள். சோடி இரண்டு கிலோவுக்குக் கிட்ட வரும். வாகரை வெயிலில் அதைப் போட்டால் கால் அவிந்துவிடும். முதுகில் சுமக்கிற ஒரு கிலோவைவிடக் காலில் கட்டின ஒரு கிலோ பல மடங்கு களைப்பைத் தரும், மறக்க வேண்டாம்.

ஆனால் அந்தப் பூட்ஸில் இருந்து எடுக்கவேண்டிய விஷயங்கள் உண்டு. தையல் குறைவாக இருக்கிறதா பாருங்கள். பல துண்டு தோல், துணி, வலை என்று ஒட்டுப்போட்டது அழகாக இருக்கும், முள்ளுக்காட்டில் முதலில் பிய்வது அந்தத் தையல்கள்தான். லேஸுக்குக் கீழே இருக்கிற நாக்கு இரண்டு பக்கமும் மேல்வரைக்கும் சப்பாத்தின் உடம்போடு சேர்த்துத் தைத்து மூடியிருக்க வேண்டும், அப்போதுதான் மணலும் புல்விதையும் உள்ளே இறங்காது. விரல் முனையில் ரப்பர் காப்பு இருந்தால் கல்லில் தோல் உரியாது. அடியில் மஞ்சள் எட்டுமூலை முத்திரை இருந்தால் அது விப்ரம் சோல். 1935இல் மலையில் தோழர்கள் ஆறு பேரைப் பறிகொடுத்த இத்தாலிய மலையேறி வித்தாலே பிரமானி தொடங்கிய கொம்பனி அது, சப்பாத்து யார் செய்தாலும் சோலை அங்கே வாங்கிப் போடுவார்கள். போலி முத்திரையும் ஏராளம், அதை மட்டும் பார்த்துக் காசு கொடுக்காதீர்கள்.

திருக்கோவில் அக்கா:

எல்லோரும் பூட்ஸ் பூட்ஸ் என்கிறீர்கள். தம்பி, நான் உகந்தையில் இருந்து குமண வழியாகக் கதிர்காமத்துக்குக் காட்டுப் பாதையில் நடக்கிறவள். நேர்த்தி வைத்தவர்கள் வெறுங்காலோடுதான் நடப்பார்கள், அவர்கள் கதை வேறு. நான் போடுவது பாரம் குறைந்த, வலைத்துணி மேல்பக்கமும் இறுக்கமான ரப்பர் அடியும் உள்ள சாதாரண ட்ரெயில் சப்பாத்து. அடி இறுக்கமாக இருக்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள், மெதுவான நுரைச் சோலுக்குள் நெருஞ்சி முள் சுகமாக ஏறிவிடும், நின்று ஒவ்வொன்றாகப் பிடுங்குவதற்குள் கூட வந்தவர்கள் போய்விடுவார்கள்.

கோர்டெக்ஸ் கேட்டீர்கள். உள்ளே இருக்கிற வியர்வை ஆவி வெளியே போக வேண்டுமென்றால் வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிடக் குளிர்ந்து, காய்ந்து இருக்க வேண்டும். எங்கள் பக்கத்துப் புழுக்கத்தில் அது நடக்கிற வேலையா? கும்புக்கன் ஆற்றில் இறங்கினால் தண்ணீர் மேல்வாயால் உள்ளே போகும், பிறகு போகவும் வழி இல்லாமல் சலக் சலக் என்று கூடவே நடக்கும். என்னுடையது நனைந்தால் வெயிலில் நடக்க நடக்கவே காய்ந்துவிடும். ஆறு கடக்கும்போது சொக்ஸைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டுச் சப்பாத்தோடு மட்டும் இறங்குங்கள், அக்கரையில் தண்ணீரை வடித்து, காலைத் துடைத்து, காய்ந்த சொக்ஸைப் போடுங்கள். பருத்திச் சொக்ஸ் வேண்டாம், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு தோலை ஊறவைத்து உரிக்கும். எங்காவது சுள்ளென்று சூடு தெரிந்தால் அந்த இடத்திலேயே நின்று பிளாஸ்டர் ஒட்டுங்கள். "அடுத்த மடத்தில் பார்க்கலாம்" என்றால் அதற்குள் தண்ணீர் கோத்துவிடும்.

ஆற்றுவாழை:

அக்கா சொன்னது கீழ்நாட்டுக்குச் சரி. ஆனால் நக்கிள்ஸில் விடியற்காலைப் பனிப்புல்லுக்குள் நடந்தால் வலைச் சப்பாத்து பத்து நிமிஷத்தில் தோய்ந்துவிடும், குளிரும். அங்கே கோர்டெக்ஸ் கொஞ்சம் உதவும்தான், இரட்டை விலைக்கு உதவுமா என்றால் எனக்கும் இல்லை என்றுதான் படுகிறது. அங்கே உண்மையான தொல்லை இரத்தம் குடிக்கிற அட்டை. எந்தச் சப்பாத்துப் போட்டாலும் நெருக்கமாக நெய்த துணியில் தைத்த அட்டைச் சொக்ஸ் வாங்கி, களிசான் காலை அதற்குள் விட்டு முழங்காலுக்குக் கீழே கட்டுங்கள். எங்கள் பக்கத்துப் பற்றைக்குள் உண்ணிக்கும் அதுவே உதவும்.

மச்சான், இன்னொன்று. டவுனில் விற்கிறது பெரும்பாலும் பசை போட்டு ஒட்டினது. வாங்கினதும் சப்பாத்துத் தைக்கிறவரிடம் கொடுத்துச் சோலைச் சுற்றி ஒரு தையல் போடு, பெரிய காசு எடுக்கமாட்டார். கோர்டெக்ஸ் என்றால் தைக்காதே, ஊசி உள்ளே இருக்கிற படலத்தைக் குத்திவிட்டால் தண்ணீர் இறங்கும்.

சம்மாந்துறை நானா:

பாம்பைப் பற்றி யாரும் சொல்லவில்லை. கணுக்காலை மூடின தோல் சப்பாத்து சுருட்டைக்கும் சின்னப் புடையனுக்கும் ஓரளவு காப்பு, பாதத்திலும் கணுக்காலிலும்தான் கூடுதலாகக் கடி விழுகிறது. அதற்கு மேலே வேண்டுமென்றால் முழங்கால் வரைக்கும் தடித்த கெய்ட்டர், அதாவது காலைச் சுற்றிக் கட்டுகிற உறை, கட்டலாம். வயல் வேலைக்கு ரப்பர் கம்பூட்ஸ் நல்லது, பாம்புக்கும் எலிக்காய்ச்சலுக்கும் சேர்த்துக் காப்பு. ஆனால் அதோடு மலை ஏற முடியாது, கால் உள்ளே வழுக்கும். இரவில் கூடாரத்துக்கு வெளியே போவதென்றால் சப்பாத்தும் டோர்ச்சும் கட்டாயம். காலையில் போடுமுன் தலைகீழாகத் தட்டுங்கள், தேளும் பூரானும் இரவு தங்க அதைவிட நல்ல இடம் தேடாது.

சப்பாத்து காப்பாற்றாத ஒன்றும் இருக்கிறது. பன்றிக்கும் மானுக்கும் வைக்கிற கட்டுத்துவக்கு, கம்பியில் கால் பட்டால் தானாக வெடிக்கிற துவக்கு. சட்டவிரோதம்தான், ஆனாலும் வைக்கிறார்கள், முழங்கால் உயரத்தில் கம்பி இழுத்திருப்பார்கள். சேனை ஓரத்திலும் மிருகம் தண்ணீருக்கு இறங்குகிற ஒற்றையடிப் பாதையிலும் ஊர் ஆள் ஒருவர் இல்லாமல் போகாதீர்கள்.

படுவான்கரைப் பொடியன்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு மாமாவின் சப்பாத்தை எடுத்து நகத்தால் அழுத்தினேன், இடது காலில் பள்ளம் அப்படியே நின்றது. வலது காலை வளைத்தபோது விரல் மடிகிற இடத்தில் வெடிப்பு ஓடி, கறுப்புத் தூள் நிலத்தில் கொட்டிவிட்டது. அம்மாவுக்கும் காட்டினேன், இப்போது காசு தரச் சம்மதம். நினைத்திருப்பது இதுதான்: கணுக்கால் உயரம், தோல், கோர்டெக்ஸ் இல்லாதது, சுற்றித் தைத்து, அட்டைச் சொக்ஸோடு. தோல் மேல்பாகம் நல்லாயிருப்பதால் மாமாவினதற்கு வேறு சோல் போடலாமா? வாங்குகிறதைப் பழக்க எவ்வளவு நாள் வேண்டும்?

பனிக்காட்டு மட்டக்களப்பான்:

சோல் மாற்றலாம், ஆனால் பழைய மெத்தை அடுக்கை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுசு ஒட்டத் தெரிந்த கையாக இருக்க வேண்டும். மேலால் ரப்பரை மட்டும் ஒட்டித் தருகிறேன் என்றால் கொடுக்காதீர்கள். புதுத் தோலுக்கு இரண்டு மூன்று கிழமை வையுங்கள், முதலில் வீட்டுக்குள், பிறகு கடைத்தெருவுக்கு, பிறகு பையில் பாரம் போட்டு. நனைந்தால் உள்ளே பழைய பத்திரிகைக் கடுதாசியை அடைத்து நிழலில் காயவிடுங்கள். அடுப்படியிலோ தகரக் கூரையிலோ வைத்தால் தோல் வெடிக்கும், பசையும் விடும். தேங்காய் எண்ணெய் பூசச் சொல்வார்கள், வேண்டாம், தோல் தொளதொளத்துப் போகும். சப்பாத்து மெழுகு கொஞ்சமாகப் போதும்.

திருக்கோவில் அக்கா:

போகிறதுக்கு இரண்டு நாளுக்கு முதல் கால் நகங்களை ஒட்ட வெட்டிவிடுங்கள் தம்பி. அன்றைக்கே வெட்டினால் ஓரம் குத்தும். லேஸ் இன்னொரு சோடியும் பைக்குள் இருக்கட்டும்.

படுவான்கரைப் பொடியன்:

சரி அக்கா. சனிக்கிழமை பின்னேரம் டவுனுக்குப் போகிறேன், தடித்த சொக்ஸோடு. நானா சொன்ன மாதிரி இன்சோலைக் கழற்றி நிலத்தில் வைத்து ஏறி நிற்கும்போது கடைக்காரர் என்ன சொல்கிறார் என்று வந்து எழுதுகிறேன்.