நம் வீட்டார் குழு: 2025 ஜனவரி 10, வெள்ளி

ரகு: அக்கா, லாஸ் ஏஞ்சலஸ் காட்டுத்தீப் புகை எப்படி இருக்கிறது? வீட்டில்தானே இருக்கிறீர்கள்?

கோமதி: வீட்டில்தான். எங்கள் பகுதியை இன்னும் காலி செய்யச் சொல்லவில்லை. பையெல்லாம் கட்டி வாசலில் வைத்திருக்கிறோம்.

மீனா: அத்தை, அப்பா ஞாயிறன்று லாஸ் ஏஞ்சலஸ் வருவதாக டிக்கெட் போட்டிருக்கிறார். வைக்கிங்ஸ்-ராம்ஸ் அமெரிக்கக் கால்பந்து ஆட்டமோ தீயால் அரிசோனாவுக்குப் போய்விட்டது. என்ன செய்வது?

கார்த்தி: ஃபீனிக்ஸ் பக்கத்தில் கிளெண்டேலில் நடக்கிறது. மாமா, ஃபீனிக்ஸுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

சுந்தரம்: டிக்கெட் இருக்கட்டும். 17 ஆட்டத்தில் 14 வென்ற நம் மினசோட்டா வைக்கிங்ஸ் ஏன் வெளியூர் போக வேண்டும்? லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் வென்றது 10. போன ஞாயிறு டெட்ராய்ட்டை வென்றிருந்தால் நமக்கு முதலிடம், ஒரு வார ஓய்வு, சொந்த மைதானம். தோற்றதும் ஐந்தாமிடம்! நான்கு பிரிவுகளிலும் முதலில் வந்த அணிகளுக்குத்தான் முதல் நான்கு இடமும் சொந்த மைதானமுமாம். இது என்ன கணக்கு?

கோமதி: அண்ணா, மாத்திரை போட்டீர்களா?

சுந்தரம்: போட்டேன். 2010 பருவத்தில் சியாட்டில் வென்றது 7, தோற்றது 9; ஆனாலும் பிரிவில் முதல். நடப்புச் சாம்பியனான நியூ ஆர்லியன்ஸ் 11 வென்றும் அங்கே போய் 41-36 என்று தோற்றது. கூட்டம் குதித்த குதியை நில அதிர்வுக் கருவியே பதிவு செய்தது. அந்தக் கூட்டம் யாருக்குச் சேர வேண்டியது?

கார்த்தி: அக்டோபரில் ராம்ஸ் உங்களை 30-20 என்று வென்றதே மாமா.

மீனா: அதுவும் உங்கள் ஊரில்தான், கார்த்தி.

கார்த்தி: 2022 பருவத்தில் 8 வெற்றியோடு டாம்பா பே சொந்த மைதானத்தில் டல்லாஸிடம் 31-14 என்று தோற்றது.

சுந்தரம்: தோற்றால் விதி நியாயமாகிவிடுமா?

ரகு: பிரிவை வெல்வதற்கும் மதிப்பு வேண்டும் அண்ணா. ஒவ்வொரு அணியும் ஆறு ஆட்டம் பிரிவுக்குள்தான் மோதுகிறது.

சுந்தரம்: பிளேஆஃப் என்ற இறுதிக்கட்டச் சுற்றில் இடம் கொடுக்கட்டும், அதை நான் மறுக்கவில்லை. மைதானம் மட்டும் வெற்றிக் கணக்கைப் பார்த்துப் போகட்டும். 1972இல் மியாமி பருவத்தின் 14 ஆட்டங்களையும் வென்றும், இறுதிக்கு முந்தைய ஆட்டத்துக்குப் பிட்ஸ்பர்க் போக வேண்டியிருந்தது. அப்போது யாருக்குச் சொந்த மைதானம் என்பது சுழற்சி முறையில். 1975இல் மாற்றினார்கள். இப்போதும் விதியை மாற்ற 32 அணி உரிமையாளர்களில் 24 பேர் கை தூக்கினால் போதும்.

ரகு: அந்த நியாயம் நம் வீட்டுக்கும் உண்டா? காதுகுத்து முதல் கல்யாணம் வரை எல்லாம் மூத்தவர் வீட்டில்தான். சிகாகோவிலிருந்து ஆறு மணி நேரம் வண்டி ஓட்டுவது எப்போதும் நான்.

கோமதி: ரகு, அதை இப்போது எடுக்காதே.

சுந்தரம்: அம்மாவால் பயணம் செய்ய முடியாது.

ரகு: ஐந்து வருடமாகத்தான் முடியாது. அதற்கு முன்பு?

மீனா: செவ்வாய் பொங்கல். யார் எங்கே இருப்பீர்கள் என்று யாராவது சொல்லுங்கள்.

கார்த்தி: கிளெண்டேல் ஆட்டத்தில் ஏட்டில் ராம்ஸ்தான் வீட்டுக்காரர். கூட்டம் யார் பக்கம் என்று தெரியவில்லை. எங்கள் ஆட்கள் பாதிப் பேர் வீடு என்ன ஆகுமோ என்று காத்திருக்கிறார்கள்.

சுந்தரம்: கார்த்தி, தீப்பிடித்த ஊரிடம் மைதானத்தைப் பிடுங்க நான் கேட்கவில்லையடா. என் சண்டை விதியோடு.

கார்த்தி: தெரியும் மாமா.

கோமதி: அண்ணா, இங்கே வர வேண்டாம். உங்கள் மூச்சுக்கு இந்தக் காற்று ஆகாது.

மீனா: அப்பா, மாற்றவா, ரத்து செய்யவா? இன்று இரவுக்குள் சொல்ல வேண்டும்.

சுந்தரம்: ஃபீனிக்ஸுக்கு என்ன விலை என்று பார்.

ரகு: இரண்டு பேருக்குப் பார் மீனா. சிகாகோவிலிருந்து ஒன்று.

மீனா: சித்தப்பா, நிச்சயமாக வருகிறீர்களா?

கோமதி: அப்படியானால் பொங்கலுக்கு அம்மாவோடு யார்?