பிஎல்ஏ–ஸ்டார்ச் நாற்றுக் கிண்ணம் மண்ணில் மக்கவில்லை: கலவையில் எதை மாற்றலாம்?

நாற்றங்கால்:
செடியோடு சேர்த்துப் புதைத்தால் ஓரிரு பருவத்தில் மக்கிப் போகும் கிண்ணம் வேண்டும். இப்போதைய கலவை 80 பங்கு பிஎல்ஏ (பாலிலாக்டிக் அமிலம், தாவரச் சர்க்கரையிலிருந்து செய்யும் பிளாஸ்டிக்), 20 பங்கு கிளிசரால் சேர்த்து இளக்கிய ஸ்டார்ச் (அதற்குள் ஸ்டார்ச் 70%, கிளிசரால் 30%). சுவர் 0.6 மி.மீ. மண் 28–30 டிகிரி செல்சியஸ், ஈரம் குறைவதில்லை. ஆறு மாதத்தில் எடை 18% குறைந்தது, அதற்கப்புறம் அசையவே இல்லை. நுண்ணுயிர்க் கரைசல் ஊற்றலாமா, நொதி சேர்க்கலாமா, ஸ்டார்ச்சைக் கூட்டலாமா?

உருகுநிலை:
அந்த 18 சதவீதத்தை முதலில் பிரித்துப் பாருங்கள். 20 பங்கில் கிளிசரால் 6, ஸ்டார்ச் 14. கிளிசரால் மண் ஈரத்திலேயே கரைந்து போய்விடும், ஸ்டார்ச்சை நுண்ணுயிர்கள் தின்றுவிடும். ஆக, பிஎல்ஏ கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது.

பிஎல்ஏவை நுண்ணுயிர் நேரடியாகத் தின்பது அரிது. முதலில் தண்ணீர், பிஎல்ஏவின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலியை வெட்ட வேண்டும். மூலக்கூறு எடை சுமார் 10,000-க்குக் கீழே இறங்கிய பிறகுதான் அவற்றுக்கு வேலை. பிஎல்ஏவின் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை, அதாவது விறைப்பு விட்டு இளகத் தொடங்கும் வெப்பநிலை, 55–60 டிகிரி. தொழிற்சாலைக் கம்போஸ்ட் 58 டிகிரியில் ஓடுவதால் அங்கே சங்கிலிகள் அசையும், தண்ணீர் உள்ளே புகும். 30 டிகிரி மண்ணில் சங்கிலிகள் உறைந்து கிடக்கின்றன. நுண்ணுயிர்க் கரைசலை எவ்வளவு ஊற்றினாலும் இது மாறாது, பணம்தான் வீண்.

ஸ்டார்ச்சைக் கூட்டினால் ஓரளவு பலன் உண்டு. 20 பங்கில் அது பிஎல்ஏவுக்குள் தனித்தனித் தீவுகளாக அடைபட்டிருக்கும். 40–50 பங்குக்குப் போனால் தீவுகள் இணைந்து, கரைந்த இடத்தில் தண்ணீருக்கு வழி கிடைக்கும். ஆனால் கிண்ணம் ஈரத்தில் தொய்யும், பிஎல்ஏ மக்கும் வேகமும் பெரிதாக அதிகரிக்காது. செய்வதென்றால்:

ஸ்டார்ச்சையும் கிளிசராலையும் கலந்து மூடிய பையில் ஓர் இரவு ஊறவிட்டு, 120–140 டிகிரியில் எக்ஸ்ட்ரூடரில் (சூடாக்கிப் பிசைந்து தள்ளும் இயந்திரம்) ஓட்டி, வழியில் நீராவியை வெளியேற்றிக் குருணையாக்கி உலர்த்துங்கள். பிஎல்ஏவில் ஈரம் 0.025 சதவீதத்துக்கு மேல் கூடாது. ஸ்டார்ச்சில் மிஞ்சும் ஈரம் 170 டிகிரியில் பிஎல்ஏ சங்கிலியை அறுத்துவிடும். கிண்ணம் அச்சிலிருந்து வரும்போதே அப்பளம்போல் நொறுங்கும். அதைப் பார்த்து 'சீக்கிரம் மக்கும்' என்று நம்பிவிடாதீர்கள். 190 டிகிரியைத் தாண்டினால் ஸ்டார்ச் பழுப்பாகும், கிளிசரால் புகையும். மெலிக் அன்ஹைட்ரைடு என்ற இணைப்புப் பொருள் ஒட்டிய பிஎல்ஏ 3 பங்கு சேர்த்தால் பிஎல்ஏவும் ஸ்டார்ச்சும் பிரியாமல் நிற்கும்.

மண்புழு:
என் கருத்து வேறு. போய்ச் சேரும் இடம் மண் என்றால் அடிப்படைப் பாலிமரையே மாற்றுங்கள். பிசிஎல் (பாலிகேப்ரோலாக்டோன், தாழ்வெப்பத்தில் உருகும் மக்கும் பிளாஸ்டிக்) கலந்த பிஎல்ஏ வீட்டுக் கம்போஸ்டில் மக்கக்கூடும். மண்ணில் பிசிஎல் பகுதி மட்டும் கரைந்து பிஎல்ஏ எலும்புக்கூடு மிஞ்சும். பிஎச்ஏ (பாக்டீரியாவே உருவாக்கும் பாலியெஸ்டர்) வகைகள், உதாரணமாக பிஎச்பி, பிஎச்பிவி, அப்படியல்ல. மண் பாக்டீரியா வெளிவிடும் நொதி மேற்பரப்பிலிருந்தே அரிக்கும், வெப்பம் தேவையில்லை. அரிப்பு மேற்பரப்பில் நடப்பதால் தடிமன் முக்கியம். சுவரை 0.3 மி.மீ. ஆக்கினால் காலம் ஏறக்குறைய பாதியாகும். பிஎச்பிவியை 180 டிகிரிக்கு மேல் நிறுத்தி வைக்காதீர்கள், உருகும்போதே சிதையத் தொடங்கும்.

நொதி விஷயம்: பிஎல்ஏவை வெட்டும் புரோட்டினேஸ் கே 170 டிகிரி உருகலில் செயலிழந்துவிடும். பிசிஎல் சுமார் 60 டிகிரியில் உருகுவதால் அதற்குள் அதை வெட்டும் லைபேஸ் நொதியை வைக்க முடிகிறது. 2021-ல் நேச்சர் இதழில் வந்த ஆய்வில், நொதியைப் பாதுகாப்புப் பாலிமரால் சுற்றிப் பிசிஎல்லுக்குள் நுணுக்கமாகப் பரப்பிக் காட்டினார்கள். அங்கேயும் வெதுவெதுப்பான நீர்தான் தூண்டுகோல்.

எடையை வைத்து முடிவெடுக்காதீர்கள். மக்கும்போது வெளிவரும் கார்பன் டை ஆக்சைடை அளவிடுங்கள். 2 லிட்டர் மூடிய ஜாடியில் 200 கிராம் சலித்த மண், 0.5 கிராம் பொடித்த மாதிரி, தனிக் கிண்ணத்தில் 20 மி.லி. 0.5 மோலார் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. அந்தக் கரைசல் 5 மில்லிமோல் கார்பன் டை ஆக்சைடு வரைதான் பிடிக்கும், நிரம்பும் முன் மாற்றுங்கள். மாற்றும்போது ஜாடிக்குள் காற்றும் புகட்டும். வெறும் மண்ணுக்கு ஒரு ஜாடி, செல்லுலோஸுக்கு ஒன்று. செல்லுலோஸே மக்கவில்லை என்றால் உங்கள் மண் சரியில்லை, மாதிரியைக் குறை சொல்ல முடியாது. 1 கிராம் பிஎல்ஏ முழுதாக மக்கினால் 1.83 கிராம் வாயு வரும், பிஎச்பி என்றால் 2.05. ஒப்பிட ஓர் அளவுகோல்: மண்ணில் மக்கும் மூடாக்குப் படலத்துக்கான ஐரோப்பிய ஈஎன் 17033 தரம் 24 மாதத்தில் 90% கேட்கிறது.

நாற்றங்கால்:
ஒன்று சொல்ல விட்டுப்போனது. வெயிலில் வளையாமலிருக்க, அச்சிட்ட பின் 110 டிகிரியில் 20 நிமிடம் வைக்கிறோம். 10 பங்கு சுண்ணாம்புத் தூளும் உண்டு.

உருகுநிலை:
இரண்டுமே எதிராக வேலை செய்கின்றன. அந்தச் சூடு பிஎல்ஏவைப் படிகமாக்குகிறது. படிகப் பகுதிக்குள் தண்ணீர் எளிதில் புகாது. சங்கிலி வெட்டுப்படும்போது பிறக்கும் அமில முனைகள் அடுத்த வெட்டை வேகப்படுத்தும். சுண்ணாம்பு அந்த அமிலத்தை நடுநிலையாக்கிவிடுகிறது. சூடாக்குவதை நிறுத்துங்கள், சுண்ணாம்புக்குப் பதில் மரத்தூள் போடுங்கள். வெயிலில் வளையாத பிஎல்ஏவும் வேண்டும், மண்ணில் மக்கும் பிஎல்ஏவும் வேண்டும் என்றால் அது ஒரே கிண்ணத்தில் நடக்காது. மண்புழு சொல்லும் பிஎச்பிவிக்குப் போவதே வழி.