ஒரு மணி நேரத்துக்கு 6 மில்லிதானாம்!

பத்தாங்கட்டை:
டவுன் குழுவில் கிராணி மகன் போட்ட கணக்கைப் பார்த்தேன். பெட்டை நாய்க் கருத்தடைக்குப் பழைய கிளினிக் 380 வெள்ளி (மலேசிய ரிங்கிட்), பஸ் ஸ்டாண்டு பக்கம் வந்த புது கிளினிக் 220 வெள்ளியாம். "மயக்க வாயு மணிக்கு 6 மில்லிதான் செலவாகும், மிச்சமெல்லாம் கொள்ளை, போட்டி வந்தாச்சு, இனி விலை இறங்கியே ஆகணும்" என்று தீர்ப்பு வேறு. அரிசி விலையை மட்டும் வைத்து வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்குக் கணக்கு எழுதுவார் போலிருக்கிறது.

கிராணி மகன்:
6 மில்லி தப்புன்னு காட்டுங்க அண்ணே, ஒத்துக்கிறேன். ஆக்சிஜன் நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர், வாயு எத்தனை சதவீதம், ரெண்டையும் பெருக்கி 3ஆல பெருக்குங்க, மணிக்குச் செலவாகிற திரவம் மில்லியில வரும். 1 லிட்டர், 2 சதவீதம், ஆக 6. அந்த மயக்க வாயு, ஐசோஃப்ளுரேன், எந்த கிளினிக்ல வாங்கினாலும் அதே ஐசோஃப்ளுரேன்தான். 250 மில்லி புட்டி 41 மணி நேரம் வரும்.

பத்தாங்கட்டை:
6 இல்லை தம்பி. முதல் அஞ்சு நிமிஷத்தை எந்தப் பேரேட்டில் எழுதினாய்? முகமூடி வைத்து மயக்கினால் 4 லிட்டர், 4 சதவீதம். அந்த அஞ்சு நிமிஷத்துக்கே 4 மில்லி போய்விடும். மொத்தம் 10.

கிராணி மகன்:
மிச்சம் 55 நிமிஷத்துக்கு 5.5. மொத்தம் 9.5. 10 இல்லை. அதுவும் புரோபோஃபால் ஊசியில தூங்க வச்சு, தொண்டையில குழாய் விட்டா முகமூடியே வேணாம். திரும்பவும் 6.

மூனாம் டிவிஷன்:
ரெண்டு பேரும் தப்பு. 20 கிலோ நாய்க்குச் சுற்று சர்க்யூட்டில் அரை லிட்டர் போதும். 3 மில்லி.

பத்தாங்கட்டை:
வந்துட்டாரய்யா இன்னொருத்தர். அரை லிட்டரில் ஓட்டினால் நாய் விட்ட மூச்சே திரும்பத் திரும்பச் சுற்றும். அதிலுள்ள கரிவாயுவை சோடா லைம்தான் உறிஞ்சணும். வாயுவை மிச்சம் பிடித்தால் சோடா லைம் சீக்கிரம் தீரும். தீர்ந்ததும் ஊதா நிறம் காட்டும், ராத்திரி சும்மா கிடந்தால் மறுபடி வெளுத்துவிடும். காலையில் வருகிறவன் புதுசு என்று நினைத்து அதிலேயே அடுத்த நாயைப் போடுவான். 220க்கு ஓட்டுகிற இடத்தில் எத்தனை மணி நேரம் ஓடியது என்று சீட்டு எழுதி ஒட்டுகிறார்களா? கேட்டுப் பார்.

பூனையம்மா:
மில்லியை விடுங்கப்பா. அந்த 220ல என்னென்ன சேர்த்தின்னு யாராச்சும் கேட்டீங்களா? முன்னாடி எடுக்கிற ரத்தப் பரிசோதனை, வலி ஊசி, சலைன், கழுத்து வளையம், 10லிருந்து 14 நாள்ல தையல் பிரிக்கிறது, எல்லாத்துக்கும் தனித்தனிக் காசுன்னா 220 வாசல்ல எழுதிப் போட்ட விலைதான். சினைப்பருவத்துல இருக்கிற நாய்னா ரத்தக்குழாய் தடிச்சிருக்கும், நேரமும் கூட ஆகும், அதுக்கு வேற கூடுதல் வாங்குவாங்க.

கிராணி மகன்:
அக்கா, 380ல மட்டும் எல்லாம் சேர்த்தியா? அங்கயும் கழுத்து வளையம் தனிதான். இவ்வளவு நாள் ஒரே கிளினிக். அது வேணாம்னா ஈப்போ நகரத்துக்கு ஓடணும். பெட்ரோல், டோல், அரை நாள் சம்பளம். அந்தச் செலவு எவ்வளவோ அவ்வளவு தூரத்துக்கு இங்க விலையை ஏத்தலாம், யாரும் கேக்க முடியாது. இத்தனை வருஷமா அவங்க வாங்கினது வைத்தியத்துக்கு இல்ல, ஈப்போ தூரத்துக்கு. இப்ப ரெண்டாவது ஆள் வந்ததும் எரியுது.

பத்தாங்கட்டை:
எரியவில்லை, கூட்டிக் கழித்துப் பார்க்கிறேன். நீயும் பார். வாடகை, ரெண்டு உதவியாளர் சம்பளம், எக்ஸ்ரே தவணை, கரண்டு, மயக்க வாயு கலக்கும் வேப்பரைசர் சரிபார்ப்பு எல்லாம் சேர்த்து மாதம் 24,000 வெள்ளி என்று வைத்துக்கொள். கேஸ் வந்தாலும் வராவிட்டாலும் அது ஓடும். மாதம் 400 கேஸ் வந்தால் தலைக்கு 60. இது எஸ்டேட் டவுன். ரெண்டாவது கிளினிக் வந்ததால் நாய் ரெண்டு மடங்காகக் குட்டி போடாது. அதே 400ஐ ஆளுக்கு 200 என்று பிரித்தால் தலைக்கு 120. போட்டி வந்ததும் அடக்கவிலை ஏறுகிறது! இதில் விலை இறங்க வேண்டுமென்றால் எங்கேயோ வெட்டணும். எங்கே வெட்டுவார்கள்? வாடிக்கையாளர் கண்ணில் படாத இடத்தில்.

சுற்றிக் கட்டிய கருவிப் பொதிக்கு ஆட்டோகிளேவில் (கிருமி நீக்கும் நீராவிப் பெட்டி) 121 டிகிரி, 30 நிமிஷம், அப்புறம் உலரணும். ஒரு நாளைக்கு எட்டு அறுவைக்கு எட்டுப் பொதி வேண்டும். மூணு பொதிதான் இருக்கிறதென்றால் நடுவில் மருந்துத் தண்ணீரில் ஊறப்போட்டு எடுப்பார்கள். வலது சினைப்பை இடதைவிட முன்னால், ஆழமாக இருக்கும். அவசரத்தில் துண்டு உள்ளே தங்கினால் சில மாதத்தில் நாய் மறுபடி பருவத்துக்கு வரும். உள்ளே எத்தனை முடிச்சு போட்டார்கள் என்று எந்த வாடிக்கையாளர் பார்த்தார்? அவருக்குத் தெரிவது வெளித் தையலும் பில்லும்தான். அதனால்தான் போட்டியெல்லாம் பில்லில் மட்டும் நடக்கிறது.

கிராணி மகன்:
இவ்வளவு எழுதியும் 6 மில்லிக்குப் பதில் இல்லை. 24,000 எங்கிருந்து வந்துச்சு? கோயில் கமிட்டிக் கணக்கு மாதிரி இதுவும் வாய்க்கணக்கா?

பத்தாங்கட்டை:
"என்று வைத்துக்கொள்" என்று எழுதியிருக்கிறேன். படிக்கத் தெரியும்தானே? 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,500லிருந்து 1,700 ஆனது, அதையாவது உன் புட்டிக் கணக்கில் சேர்த்தாயா?

கிராணி மகன்:
சேர்க்கல அண்ணே, நான் போட்டது வாயுக் கணக்கு மட்டும்தான்.

மாட்டுக்கொட்டாய்:
நாயும் பூனையும்தான் பிராணியா? கன்னு போட்ட மாடு, கால்சியம் குறைஞ்சு வர்ற பால் காய்ச்சல்ல ராத்திரி படுத்துடுச்சுன்னா 220 கிளினிக் கதவைத் தட்டிப் பாருங்க, 6 மணிக்கே பூட்டு. கால்சியம் 400 மில்லி, உடம்புச் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கி, நெஞ்சுல குழல் வச்சுக் கேட்டுக்கிட்டே 10, 15 நிமிஷத்துக்கு மெதுவா நரம்புல ஏத்தணும். வேகமா விட்டா இதயம் நின்னுடும். அதுக்கு எஸ்டேட் லயத்துக்கே வர்றது பழைய டாக்டர்தான். பகல்ல நாய்ல வர்ற காசுலதான் ராத்திரி மாட்டுக்கு வண்டி ஓடுது. கறக்கிற மாட்டைப் புது ஆள் பிடிச்சுக்கிட்டு, மலட்டு மாட்டை இவர் தலையில கட்டினா எத்தனை நாளைக்கு வருவார்?

மூனாம் டிவிஷன்:
மாட்டுக்கு அரசாங்க வெட்டரினார் ஆபிஸ் இருக்கே.

மாட்டுக்கொட்டாய்:
ராத்திரி 11 மணிக்கா? ஆட்டுக்கு மாட்டு அளவுல ஐவர்மெக்டின் புழு மருந்து போடச் சொன்ன ஆள்தானே நீங்க.

மூனாம் டிவிஷன்:
கிலோவுக்கு 0.2 மில்லிகிராம்னு லேபிள்ல இருந்ததைத்தான் சொன்னேன்.

மாட்டுக்கொட்டாய்:
மாட்டு லேபிள்! ஆட்டுக்கு மருந்து உடம்பை விட்டுச் சீக்கிரம் போயிடும். அளவு குறைஞ்சா அரையும் குறையுமாப் புழு தப்பிக்கும், அடுத்த தடவை அந்த மருந்தே கேக்காது. எவ்வளவுன்னு டாக்டர்தான் சொல்லணும்.

பூனையம்மா:
ஆட்டைத் தனித் திரியில மேய்ங்க சாமி. அப்புறம், குட்டி நாய்க்குத் தடுப்பூசி 40 வெள்ளின்னு டவுன்ல ஒரு பிராணிக் கடையிலயும் ஆரம்பிச்சிருக்காங்க. 1974 கால்நடை மருத்துவர் சட்டப்படி பதிவு செஞ்ச டாக்டர்தான் வைத்தியம் பார்க்கலாம். அந்த மருந்து 2லிருந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும், அங்க ஐஸ்கிரீம் பெட்டியில கிடக்கு. உறைஞ்சா போச்சு. இதையும் போட்டின்னு சொல்வீங்களா, கிராணி மகன்?

கிராணி மகன்:
நான் கடையைப் பத்திப் பேசலையே அக்கா. கிளினிக், மயக்க வாயு, 6 மில்லி. அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க.

பத்தாங்கட்டை:
6 மில்லி என்கிறாயே, புது கிளினிக்கில் வாயு மெஷின் இருக்கிறதா என்று முதலில் பார்த்தாயா? கெட்டமின், சைலசின் மயக்க ஊசி மட்டும் போட்டு 220 என்றால் உன் கணக்கில் வருவது 0 மில்லி. வாயு என்றால் குமிழை மூடிய சில நிமிஷத்தில் நாய் எழுந்துவிடும். ஊசி ஏறினால் ஏறினதுதான். சைலசின் இதயத்துடிப்பைக் குறைக்கும், அறுவை நீண்டால் மேலே மேலே போடணும், எழுந்திருக்க மணிக்கணக்காகும். அந்த நேரம் முழுக்கப் பக்கத்தில் ஒரு ஆள் உட்காரணும். 220ல் அந்த ஆளுக்கு யார் சம்பளம் கொடுக்கிறது?

கிராணி மகன்:
மெஷின் இருக்கு. கண்ணாடி வழியா ரோட்டுலேர்ந்தே தெரியுது.

பத்தாங்கட்டை:
ரோட்டிலிருந்து சோடா லைம் என்ன நிறம் என்று தெரிந்ததா?

கிராணி மகன்:
வெள்ளை.

பத்தாங்கட்டை:
காலையிலா, சாயங்காலமா?

கிராணி மகன்:
சோடா லைமையே சேர்த்தாலும் ஒரு நாய்க்கு 15 வெள்ளி தாண்டாது.

பத்தாங்கட்டை:
கிலோ என்ன விலை, ஒரு டப்பா எத்தனை மணி நேரம், போட்டுக் காட்டு. வட்டத் தொகையெல்லாம் என்னிடம் வேண்டாம். 9.5 என்று எனக்கே புள்ளி வைத்தவன்தானே நீ.