'ஐகன் மதிப்பு': தமிழில் எந்தச் சொல்?

வணக்கம்.

பொறியியல் முதலாண்டுக் கணிதக் குறிப்புகளுக்கு 'ஐகன் மதிப்பு' என்பதற்கு ஒரு சொல் வேண்டும். ஓர் அணி (எண்களை நிரை நிரலாக அடுக்கியது) ஒரு வெக்டரை அதன் கோட்டிலேயே வைத்து எத்தனை மடங்காக்குகிறதோ அந்த எண்தான் ஐகன் மதிப்பு; அந்த வெக்டர் ஐகன் வெக்டர். ஹில்பர்ட் 1904-இல் கையாண்ட ஜெர்மன் சொல் இது. 'ஐகன்' என்றால் தனக்கே உரிய. ஆகவே 'தன்மதிப்பு', 'தன்வெக்டர்' என்று வைக்கலாமா?

'தனக்கே உரிய' என்ற பொருள் சொல்லிலேயே தெரிந்தால் ஒரு பெரிய பிழை குறையும். தேர்வில் பலர் அணியை முதலில் ஏறுபடி வடிவத்துக்கு (நிரைகளைக் கழித்து, மூலைவிட்டத்துக்குக் கீழே பூச்சியமாக்கிய வடிவம்) கொண்டுபோய், பிறகு மதிப்புகளைத் தேடுகிறார்கள். முதல் நிரை 4, 1. இரண்டாம் நிரை 2, 3 என்ற அணியை எடுங்கள். மதிப்புகளைத் தரும் சிறப்பியல்புச் சமன்பாடு லாம்டா² − 7லாம்டா + 10 = 0; மதிப்புகள் 5, 2. இரண்டாம் நிரையிலிருந்து முதல் நிரையின் பாதியைக் கழித்தால் அது 0, 2.5 ஆகிறது, மதிப்புகளோ 4, 2.5 என மாறிவிடுகின்றன. மதிப்புகளின் பெருக்கற்பலனான அணிக்கோவை இரண்டிலும் 10 என்பதால் பெருக்கிச் சரிபார்ப்பவர் ஏமாந்துபோவார். மதிப்புகளின் கூடுதலுக்குச் சமமான மூலைவிட்டக் கூடுதல்தான் காட்டிக்கொடுக்கும்: 7 இருந்த இடத்தில் 6.5.

---

காரணம் சரி, சொல் சரியில்லை ஐயா. 'தன்மதிப்பு' என்றால் படிப்பவருக்குச் சுயமரியாதைதான் நினைவுக்கு வரும். எண்ணின் குறி நீக்கிய அளவான மட்டு மதிப்பைத் 'தனி மதிப்பு' என்பாரும் உண்டு. ஒரு எழுத்து பிசகினால் பொருளே மாறிவிடும்.

'சிறப்பு மதிப்பு' என்பதும் வேண்டாம். எதில் சிறப்பு என்று அது சொல்வதில்லை.

என் வாக்கு 'இயல்மதிப்பு'க்கு. இயல்வெக்டர், இயல்வெளி, இயல்சார்பு எல்லாம் இடறாமல் வருகின்றன. அதிர்வியலிலும் பொருந்துகிறது: நிறை அணியின் நேர்மாறை விறைப்பு அணியோடு பெருக்கிக் கிடைக்கும் அணியின் இயல்மதிப்புக்கு வர்க்கமூலம் எடுத்தால் இயல் அதிர்வெண், அதாவது அமைப்பு தானாக அதிரும் வேகம் (கோண அதிர்வெண்ணாக, நொடிக்கு ரேடியனில்). இங்கே ஒரு ஆபத்தும் இருக்கிறது. இரண்டும் 'இயல்' என்பதால் மாணவர் வர்க்கமூலத்தை விட்டுவிடக்கூடும். வரையறைக்குக் கீழேயே அதை எழுதிவிடுங்கள்.

---

'இயல்மதிப்பு' எனக்கும் சம்மதம். ஆனால் வரையறையில் 'பூச்சியமல்லாத வெக்டர்' என்பது விடுபடக்கூடாது. பூச்சிய வெக்டரை ஏற்றால் எந்த எண்ணும் இயல்மதிப்பாகிவிடும். மேற்சொன்ன அணியில் 5-க்கு (1, 1), 2-க்கு (1, −2). சமன்பாட்டில் இட்டுத் தீர்த்தபின் (0, 0) மட்டுமே வந்தால், லாம்டாவோ கழித்தலோ தவறு.

'இயல்' என்பதை 'இயல்பாகவே மெய்யெண்' என்று யாரும் படித்துவிடாதபடி, 90 பாகைச் சுழற்சி அணியையும் எடுத்துக்காட்டாக வையுங்கள்: முதல் நிரை 0, −1; இரண்டாம் நிரை 1, 0. அதன் இயல்மதிப்புகள் கற்பனை எண்கள். தளத்தில் எந்தத் திசையும் தன் கோட்டிலேயே நிற்பதில்லை.

'சிறப்பியல்புச் சமன்பாடு' ஏற்கெனவே பாடநூல்களில் ஊன்றிவிட்டது. அதை மாற்ற வேண்டாம். முதல் இரண்டு பக்கங்களில் 'இயல்மதிப்பு (ஐகன் மதிப்பு)' என்று சேர்த்தே எழுதுவோம், தேர்வுத்தாளில் பழைய சொல்தான் வரும்.