எஃப்எக்ஸ்ஓ கார்டு: டிரைவர் ஏறல, காலர் ஐடி வரல, கால் கட் ஆகல

பாளை_சிஸ்டம்

பாளையங்கோட்டையில் ஒரு கிளினிக். ரெண்டு காப்பர் லேண்ட்லைன், உள்ளே ஆறு ஐபி போன், வாசலில் வாட்ச்மேனுக்கு ஒரு சாதா போன். பழைய ஈபிஏபிஎக்ஸ் (உள் போன் எக்ஸ்சேஞ்ச்) பெட்டி போன ஐப்பசி இடியில் போயிட்டு. அதுக்குப் பதிலா ஒரு டெஸ்க்டாப்பில் ஆஸ்டரிஸ்க் (போன் எக்ஸ்சேஞ்ச் வேலை பார்க்கிற சாஃப்ட்வேர்) போட்டு ஓட்டலாம்னு பார்க்கோம்.

மதர்போர்டு எச்61, ஒரே ஒரு பிசிஐ ஸ்லாட். டெபியன் 12 லினக்ஸ். லேண்ட்லைனைக் கம்ப்யூட்டர்ல இறக்குற கார்டு டிடிஎம்400பி மாதிரி குளோன். சிவப்பு மாட்யூல் (எஃப்எக்ஸ்ஓ, வெளி லைன் வாங்குறது) ரெண்டு, பச்சை (எஃப்எக்ஸ்எஸ், சாதா போன் மாட்டுறது) ஒண்ணு. டாடி (இந்த மாதிரி கார்டுகளுக்கான டிரைவர் தொகுப்பு) 3.2 சோர்ஸ் எடுத்து கம்பைல் பண்ணியாச்சு, எரர் ஏதும் இல்ல. எல்எஸ்பிசிஐயில் (பிசிஐ கார்டுகளைப் பட்டியல் போடுற கமாண்ட்) கார்டு "டைகர் ஜெட்"னு வருது, ஐடி ஈ159:0001. ஆனா ஒரு சேனல்கூட வரல. மோட்ப்ரோப் போட்டு டிரைவரை ஏத்தினா "மாட்யூல் நாட் ஃபவுண்ட்". ஸ்லாட்டைத் துடைச்சு கார்டைக் கழட்டிப் போட்டும் அதே கதைதான். கார்டு செத்துட்டா?

தாமிரபரணி_லினக்ஸ்

கார்டு சாகல அண்ணாச்சி. எல்எஸ்பிசிஐயில் பேர் வந்துட்டுன்னா பிசிஐ பக்கம் உயிரோடதான் இருக்கு. ரெண்டு விஷயம் ஒண்ணுமேல ஒண்ணா உக்காந்திருக்கு.

முதல்ல, டாடி 3.0 வந்தப்பவே பழைய கார்டு டிரைவர்களைத் தூக்கிட்டாங்க. ஈ159:0001 கார்டை ஓட்டுற டபிள்யூசிடிடிஎம் அதுல ஒண்ணு. அதனாலதான் கம்பைல் சுத்தமா முடியுது, டிரைவர் மட்டும் இல்ல. அடுத்த தலைமுறை டிடிஎம்410 கார்டுக்கு (ஐடி டி161:8005) வேற டிரைவர், டபிள்யூசிடிடிஎம்24எக்ஸ்எக்ஸ்பி. அது 3.x-லயும் இருக்கு. வாங்குறதுக்கு முன்னாடி கார்டு மேல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரை நம்பாதீங்க, இந்த ஐடியைக் கேட்டு வாங்குங்க.

ரெண்டாவது, எல்எஸ்பிசிஐக்குப் பின்னால "-கே" சேர்த்து ஓட்டிப் பாருங்க. "டிரைவர் இன் யூஸ்" வரியில் நெட்ஜெட்னு இருக்கும். அது ஐஎஸ்டிஎன் கார்டுக்கான டிரைவர். அதே டைகர் ஜெட் சிப் அந்தக் கார்டுலயும் இருக்கிறதால கெர்னல் இதையும் ஐஎஸ்டிஎன்னு நினைச்சுப் பிடிச்சுக்கிடும். மோட்ப்ரோப்.டி ஃபோல்டரில் ஒரு ஃபைல் போட்டு நெட்ஜெட்டை பிளாக்லிஸ்ட் பண்ணி, பூட்டுல முதல்ல ஏறுற இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பிச்சு, ரீபூட். இது பண்ணாம சரியான டிரைவரைப் போட்டாலும் கார்டு சிக்காது.

இந்தக் கார்டுதான் வேணும்னா டாடி 2.11.1க்குப் போகணும். அது 4.15 கெர்னல்ல இருந்து பேட்ச் இல்லாம கம்பைல் ஆகாது. கெர்னலுக்குள்ள டைமர் ஃபங்ஷன்களை அப்பதான் மாத்துனாங்க. டெபியன் 9, அதோட 4.9 கெர்னல், சரியாப் பொருந்தும். அதுக்கு 2022லயே பாதுகாப்பு அப்டேட் நின்னுபோச்சு. அதனால இந்த மெஷினை லைன் இறக்குற கேட்வேயா மட்டும் வைங்க. ரௌட்டரில் 5060 போர்ட்டை (ஐபி போன் கால் வர்ற வழி) வெளியே திறந்து விடவே கூடாது.

கெர்னல் ஹெடர், ஓடுற கெர்னலோட அதே நம்பரா இருக்கணும். பயாஸில் செக்யூர் பூட் ஆஃப். இல்லன்னா நீங்களே கட்டின மாட்யூலை "கீ ரிஜெக்டட்"னு தள்ளிடும். இன்ஸ்டால் முடிஞ்சதும் கெர்னல் பேக்கேஜை ஹோல்டு பண்ணிடுங்க. தானா அப்டேட் ஆச்சுன்னா மறுநாள் காலையில கிளினிக்ல டயல் டோன் இருக்காது.

சிஸ்டம்.கான்ஃப் ஃபைலில் எல்லாரும் தடுக்கி விழுற இடம் ஒண்ணு இருக்கு. லைன் வாங்குற சிவப்பு மாட்யூல் எஃப்எக்ஸ்ஓ. அதுக்குக் குடுக்கிற சிக்னலிங் அதுக்கு எதிர்ப்பக்கம். ஆக:

எஃப்எக்ஸ்எஸ்கேஎஸ்=1,2
எஃப்எக்ஸ்ஓகேஎஸ்=3
லோட்ஸோன்=இன்
டிஃபால்ட்ஸோன்=இன்

அப்புறம் டாடி_சிஎஃப்ஜி "-விவி" ஓட்டி மூணு சேனலும் வருதான்னு பாத்துக்கிடுங்க. அதுவரைக்கும் ஆஸ்டரிஸ்க் பக்கமே போகாதீங்க.

பாளை_சிஸ்டம்

சொன்னபடியே நெட்ஜெட்தான் பிடிச்சிருந்தது. டெபியன் 9 போட்டு டிரைவர் ஏறிட்டு. இப்போ நிலவரம்:

சேனல் 1 சரி. சேனல் 2 டாடி_டூலில் ரெட் அலாரம். சேனல் 3 (பச்சை) டிமெசேஜில் (கெர்னல் பதிவு) "ப்ரோஸ்லிக் பவர்அப் ஃபெயில்டு".

சேனல் 1ல் கால் வருது, பேசலாம். ஆனா நம்பர் தெரியல. வெளியாள் போனை வச்சாலும் லைன் பிடிச்ச மானிக்கே இருக்கு, அடுத்த கால் வர வழியில்ல. நம்ம குரல் நமக்கே திரும்பக் கேட்குது. மூணு நாலு மணி நேரம் ஓடினப்புறம் சத்தமே இல்லாம ஊமையாயிருது. ரீபூட் பண்ணா திரும்ப வருது.

பேட்டை_வயர்மேன்

கம்பி சமாச்சாரத்தை நான் சொல்லுதேன், மத்ததை லினக்ஸ் அண்ணாச்சி பாத்துக்கிடட்டும்.

பச்சை மாட்யூல் போனுக்கு ரிங் வோல்டேஜ் தானே உண்டாக்கணும். அதுக்கு பிசிஐ ஸ்லாட் கரண்ட் போதாது. கார்டு ஓரத்தில் நாலு பின் மோலெக்ஸ் சாக்கெட் இருக்கும், எஸ்எம்பிஎஸ்ல இருந்து 12 வோல்ட் குடுக்கணும். புது எஸ்எம்பிஎஸ்ல மோலெக்ஸ் இல்லன்னா சாட்டா-டு-மோலெக்ஸ் வயர் போதும். சிவப்புக்கு இது தேவையில்ல, அதான் சேனல் 1 ஓடுது. ஒண்ணு கவனம்: எக்ஸ்சேஞ்ச் லைனைத் தவறியும் பச்சை போர்ட்டில் சொருகாதீங்க. ரெண்டு பக்கமும் வோல்டேஜ் தள்ளுனா முதல் ரிங்லயே மாட்யூல் போயிரும். போர்ட் மேல ஸ்கெட்ச்ல எழுதி வைங்க.

ரெட் அலாரம்னா அந்த போர்ட்ல பேட்டரி வோல்டேஜ் இல்லைன்னு அர்த்தம். மீட்டரை டிசி 200ல வச்சு லைனைப் பாருங்க. போன் கீழே இருக்கும்போது 48 வோல்ட் வாக்கில் நிக்கணும், எடுத்தா 6லிருந்து 12க்குள் இறங்கணும். லைன்ல 48 இருந்து கார்டுல அலாரம்னா கார்டு பக்கம் கிரிம்ப் தப்பு: ஆர்ஜே11ல நடு ரெண்டு பின்தான் லைன், ஓரத்துல கிரிம்ப் பண்ணியிருப்பாங்க. 48க்குப் பதிலா 20, 30னு ஆடுச்சுன்னா எங்கேயோ ஜாயின்ட்ல தண்ணி. இங்க மழைக்கு அப்புறம் டிபி பாக்ஸ் (லைன் பிரியுற பெட்டி) ஸ்க்ரூவெல்லாம் பச்சை பூத்துக் கிடக்கும். அதுக்கு சாஃப்ட்வேர்ல மருந்து கிடையாது. அளக்கும்போது ரிங் வந்தா 75 வோல்ட் ஏசி கூடச் சேரும், வெறும் கையில வயரைப் பிடிக்காதீங்க.

ஏடிஎஸ்எல் மோடம் அதே லைன்ல இன்னும் தொங்குதுன்னா கார்டுக்கு முன்னாடி ஸ்ப்ளிட்டர் வேணும். பேரலல் போன் எதுவும் வேண்டாம். ரிசப்ஷன்ல ஒண்ணு, டாக்டர் ரூம்ல ஒண்ணுன்னு பேரலல் இருந்தா எக்கோவும் போகாது, கால் கட்டும் ஒழுங்கா நடக்காது.

இடிக்கு: ஒவ்வொரு லைனுக்கும் மூணு கால் கேஸ் டிஸ்சார்ஜ் டியூப், 230 வோல்ட் ரேட்டிங், நடுக்கால் எர்த்துக்கு. சிலபேர் 90 வோல்ட் டியூப் போடுதாங்க. ரிங்கோட உச்சமும் 48ம் சேர்ந்தா 150ஐத் தாண்டும், ஒவ்வொரு ரிங்குக்கும் டியூப் அடிச்சு லைனைச் சாய்ச்சிரும். எர்த் வயர் குட்டையா, தடிமனா, நேரா எர்த் பிட்டுக்குப் போகணும். மூணு பின் பிளக்கோட எர்த்தை நம்பிப் போட்டா அந்த இடி கம்ப்யூட்டர் வழியாத்தான் இறங்கும். ஐப்பசி கார்த்திகையில ராத்திரி கிளினிக் பூட்டும்போது லைனைக் கழட்டிப் போடுறதும் நல்லதுதான், மறுநாள் மாட்ட ஆள் இருந்தா.

தாமிரபரணி_லினக்ஸ்

ஊமையாகுறதுல இருந்து ஆரம்பிக்கேன், அதைத் தீர்க்காம மத்தது வீண்.

அடுத்த தடவை ஊமையானதும் ரீபூட் பண்ணாம டிமெசேஜைப் பாருங்க. "ஐஆர்க்யூ 16: நோபடி கேர்டு"ங்கிற மாதிரி வரி இருந்தா கதை தெரிஞ்சிரும். எச்61 சிப்செட்டில் பிசிஐ கிடையாது. போர்டு செஞ்சவங்க ஒரு பிரிட்ஜ் சிப் வச்சு பிசிஐ-எக்ஸ்பிரஸில் இருந்து அந்த ஸ்லாட்டைக் கொண்டுவந்திருப்பாங்க. சில பிரிட்ஜ் சிப்களில் இன்டரப்ட் (கார்டு சிபியூவைக் கூப்பிடுற சிக்னல்) சிக்கிக்கிடும், கெர்னல் அந்த ஐஆர்க்யூவையே (இன்டரப்ட் வர்ற லைன்) நிறுத்திரும். நெட்வொர்க் கார்டுக்கு இது சின்னத் தொந்தரவு. உங்க கார்டு செகண்டுக்கு 1000 இன்டரப்ட் கேட்கும், அதுக்கு இது மரணம். ப்ராக் ஃபோல்டரில் இன்டரப்ட்ஸ் ஃபைலைப் பத்து செகண்ட் விட்டு ரெண்டு தடவை பாருங்க. வித்தியாசம் 10,000 வாக்கில் இருக்கணும். டாடி_டெஸ்ட் (கார்டோட டைமிங் சோதனை) 99.98 சதவீதத்துக்குக் கீழே இறங்கினாலும் சந்தேகம்தான். இதுக்கு செட்டிங்ல தீர்வு தேடி நேரத்தைக் கொல்லாதீங்க. பிசிஐ நேரடியா உள்ள பழைய ஜி31, ஜி41 போர்டோ, பி75 போர்டோ மாத்துங்க. செகண்ட்ஸ்ல மலிவு.

எக்கோ: டபிள்யூசிடிடிஎம்முக்கு மோட்ப்ரோப் ஆப்ஷனில் ஓபர்மோட் இந்தியா குடுங்க, அந்தச் சொல் முழுக்க ஆங்கிலப் பெரிய எழுத்தில். போடலைன்னா அமெரிக்க லைனுக்கான 600 ஓம் எடுத்துக்கிடும், நம்ம காப்பருக்கு அது ஒட்டாது. அப்புறம் ஆஸ்டரிஸ்க்கை நிறுத்திட்டு எஃப்எக்ஸ்ஓட்யூன் "-ஐ" ஓட்டுங்க. லைன்ல டோன் விட்டுப் பார்த்து எண்களை ஒரு ஃபைலில் எழுதும். அந்த எண்கள் கார்டுல தங்காது. ஒவ்வொரு பூட்டிலும் ஆஸ்டரிஸ்க்குக்கு முன்னாடி "-எஸ்" போட்டு ஏத்தணும். இதை மறந்துட்டு எக்கோ திரும்ப வந்துட்டுன்னு கெயினை ஏத்துறவங்கதான் அதிகம். கெயின் ஏத்தினா எக்கோ கூடத்தான் செய்யும்.

காலர் ஐடி: ஒரு டிஸ்ப்ளே போனை லைன்ல நேரா மாட்டுங்க. முதல் ரிங்குக்கு முன்னாடியே நம்பர் வந்தா டிடிஎம்எஃப் (பட்டன் டோன் முறை). ஒரு ரிங் அடிச்சதும் வந்தா எஃப்எஸ்கே (மோடம் மாதிரி டேட்டா முறை). வரவே இல்லைன்னா எக்ஸ்சேஞ்சில் சிஎல்ஐ வசதி போடச் சொல்லணும். டிடிஎம்எஃப் என்றால் ஆஸ்டரிஸ்க்கோட சான்_டாடி.கான்ஃப் ஃபைலில் சிஐடிசிக்னலிங்=டிடிஎம்எஃப், சிஐடிஸ்டார்ட்=போலாரிட்டி_இன். கடைசி ரெண்டு எழுத்து இந்தியாவுக்காகவே வச்சது. எஃப்எஸ்கே என்றால் அதே ரெண்டுக்கும் பெல், ரிங்.

கட் ஆகாதது: போலாரிட்டி (லைனோட பிளஸ் மைனஸ்) மாறினா கட் பண்ற ஆப்ஷன் ஒண்ணு இருக்கு. எக்ஸ்சேஞ்ச் போலாரிட்டி மாத்துறது பெரும்பாலும் நீங்க கூப்பிடுற காலுக்குத்தான். உள்ளே வர்ற காலில் எதிராள் வச்சதும் பிஸி டோன் மட்டும் வரும். ஆகவே பிஸிடிடெக்ட்=யெஸ், பிஸிகவுண்ட்=4, பிஸிபேட்டர்ன்=750,750. நம்ம பிஸி டோன் 400 ஹெர்ட்ஸ், முக்கால் செகண்ட் சத்தம், முக்கால் செகண்ட் மௌனம். நாலு சுத்துக்கு ஆறு செகண்ட் ஆகும். சீக்கிரம் கட் ஆகட்டும்னு கவுண்ட்டை 2 ஆக்காதீங்க, பேசிக்கிட்டு இருக்கும்போதே அறுத்துவிடும். கால்ப்ராக்ரஸ் ஆப்ஷனைத் தொடவே வேண்டாம்.

இதெல்லாம் "சேனல்" வரிக்கு மேலே இருக்கணும். அந்த ஃபைலில் ஒரு ஆப்ஷன் தனக்குக் கீழே வர்ற சேனலுக்குத்தான் பொருந்தும். கீழே எழுதினா எரரும் வராது, வேலையும் நடக்காது. மாத்தினப்புறம் ரீலோடு போதாது, ஆஸ்டரிஸ்க்கை நிறுத்தித் தொடங்குங்க.

கடையம்_நெட்

ரெண்டே லைனுக்கு இவ்வளவு பாடு எதுக்கு? நாலு எஃப்எக்ஸ்ஓ போர்ட் உள்ள கேட்வே பெட்டி வாங்கி லேன்ல மாட்டுங்க. கெர்னல், ஐஆர்க்யூ, மோலெக்ஸ் எதுவும் கிடையாது, ஆஸ்டரிஸ்க்கைப் புது டெபியன்லயே வச்சுக்கிடலாம். அங்கயும் டிஸ்கனெக்ட் டோனில் 400 ஹெர்ட்ஸ், 750/750ம், காலர் ஐடி முறையும் கையால குடுக்கத்தான் வேணும். வாட்ச்மேன் போனுக்குத் தனியா ஒரு எஃப்எக்ஸ்எஸ் அடாப்டர்.

காப்பரை ஃபைபரா மாத்துற திட்டம் இருந்தா கார்டுல காசைப் போடாதீங்க. ஓஎன்டி (ஃபைபர் மோடம்) பெட்டியோட போன் போர்ட்டை எஃப்எக்ஸ்ஓவில் மாட்டலாம். ஆனா வயர் நீளம் பத்தடிதான், எக்ஸ்சேஞ்ச் லைனுக்கு வச்ச எஃப்எக்ஸ்ஓட்யூன் எண், காலர் ஐடி முறை எல்லாம் புதுசாப் பார்க்கணும்.

இன்னொண்ணு, இதைச் செஞ்சு முடிச்சதும் துபாய் சவுதியில இருக்கிற சொந்தக்காரங்க காலை இணையத்தில் வாங்கி இந்த லேண்ட்லைன்ல விடலாம்னு யாராவது யோசனை சொல்லுவாங்க. லைசென்ஸ் இல்லாம அது சட்டவிரோத எக்ஸ்சேஞ்ச், போலீஸ் கேஸ்.

தாமிரபரணி_லினக்ஸ்

புதுசா வாங்குறவங்களுக்கு கடையம் அண்ணாச்சி சொல்றதுதான் சரி. கார்டு கையில இருக்கு, பழைய போர்டு சல்லிசாக் கிடைக்கும்னா இதுவும் மோசமில்ல.

பாளை_சிஸ்டம்

ஜி41 போர்டுக்கு மாத்தியாச்சு. ஊமையாகுறது நின்னுட்டு. மோலெக்ஸ் குடுத்ததும் பச்சை வந்துட்டு, சேனல் 2 கிரிம்ப்தான். நம்பர் வருது (டிடிஎம்எஃப்), கால் கட் ஆகுது. ஒண்ணு மட்டும் பாக்கி: 0462 உள்ளூர் நம்பருக்குப் போகுது, செல்லுக்கு அடிச்சா "நம்பரைச் சரிபாருங்க"ன்னு ரெக்கார்டு. உள்ளூருக்கும் சிலநேரம் முதல் எண்ணை முழுங்கிருது.

தாமிரபரணி_லினக்ஸ்

2021 ஜனவரி 15ல இருந்து லேண்ட்லைன்ல செல்லுக்கு அடிக்க முன்னால 0 கட்டாயம். டயல்பிளானில் (எந்த நம்பரை எப்படி அனுப்பணும்னு ஆஸ்டரிஸ்க்ல எழுதுறது) 6, 7, 8, 9ல் ஆரம்பிக்கிற பத்து இலக்கத்துக்குத் தனி பேட்டர்ன் எழுதி 0 சேர்த்து அனுப்புங்க. ரிசப்ஷன்ல யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்ல. முதல் எண் முழுங்குறது டயல் டோன் வர்றதுக்குள்ள டயல் பண்றதால. டயல் வரியில் நம்பருக்கு முன்னாடி ஒரு சின்ன டபிள்யூ போட்டா அரை செகண்ட் பொறுக்கும். போதலைன்னா ரெண்டு போடுங்க.